மனைவி வார்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை வீட்டார் வகுப்புக்கு நான் போகலாமா?

பெரியாற்றுக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபாக்டரி வேலை பார்க்கிறேன். என் மனைவிக்குக் கொழுந்து எடுக்கும் வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தமிழ், கடைத்தெருவில் மலையாளம், அப்படித்தான் எங்கள் பிழைப்பு.

இன்றோடு பன்னிரண்டு நாளாக என் மனைவி கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் இருக்கிறாள். டிப்ரஷன், மனச்சோர்வு நோய் என்கிறார்கள். தை மாதம் என் மாமியார் தவறிப்போனார். முதலில் அந்தத் துக்கம் என்றுதான் நினைத்தோம். அப்புறம் விடியக்காலை மூன்று மணிக்கே எழுந்து அடுப்படியில் போய் உட்கார ஆரம்பித்தாள். அடுப்பு பற்றவைக்கமாட்டாள். விளக்கும் போடமாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் தோட்டத்தில் அன்றன்று எடுத்த கொழுந்துக்கு எடைச் சீட்டு தருவார்கள். சம்பளக் கணக்குக்காக நான் அதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். போன வாரம் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். மே மாதம் 46, 44, 48. ஜூன் கடைசியில் 31. ஜூலையில் 22, 19. ஆடி மாதம் ஒரு நாள் 9 கிலோ. அன்றைக்குப் பக்கத்து நிரையில் எடுத்தவளுக்கு 35. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார் என்று வந்து சொன்னாள். நானும் திட்டினேன். “கொழுந்து இருக்கு, கை இருக்கு, உனக்கு என்ன குறை?” என்று கேட்டேன். அந்த ஒன்பது கிலோ சீட்டு இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.

வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிதான் ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுக் குடும்ப ஆரோக்கிய மையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒன்பது கேள்வி கேட்டார்கள். சாவு நினைப்பைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு இவள் சொன்ன பதிலைக் கேட்டதும் நர்ஸ் எழுந்துபோய் டாக்டரை அழைத்துவந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். எனக்கும் கேட்டது.

இப்போது என் கேள்வி. வார்டு சிஸ்டர் நேற்று என்னிடம், வியாழக்கிழமை தோறும் மதியம் மூன்று மணிக்கு வீட்டாருக்கு மட்டும் ஒரு வகுப்பு இருக்கிறது, நான்கு வாரம் நடக்கும், வந்து உட்காருங்கள் என்றார். எனக்குப் போகவும் மனசில்லை, விடவும் மனசில்லை. அம்மா, “குடும்பத்துக் கதையை ஊர்க்காரன் முன்னால சொல்லப் போறியா, நாளைக்குப் பேத்தியைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா?” என்கிறார். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் வந்தால் ஒருநாள் சம்பளம் போகும். வகுப்பு மலையாளத்தில். பாஷை தெரியும், ஆனால் இந்த விஷயத்தை மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இதெல்லாம்கூட இல்லை. அங்கே போய் உட்கார்ந்தால், ‘உன்னால்தான் அவளுக்கு இப்படி ஆனது’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்த மாதிரி வகுப்புக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே என்னதான் நடக்கும்?


செங்கோட்டை அக்கா எழுதியது:

தம்பி, போங்கள். மற்றதை அப்புறம் பேசலாம், வியாழக்கிழமை பஸ் ஏறிவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை இதே நோய்க்கு வார்டில் இருந்தவர். புளியரையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். முதல் தடவை எனக்கும் ஒரு சிஸ்டர் இப்படித்தான் சொன்னார். நான் போகவில்லை. கடையைப் பார்க்க ஆளில்லை, மாமனாருக்குச் சோறு போட ஆளில்லை என்று எனக்கும் நூறு காரணம். அவர் வீட்டுக்கு வந்தார், நன்றாக இருந்தார். இரண்டு மாதத்தில், “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?” என்றார். என் நாத்தனார் அதைத் தூக்க மாத்திரை, பழக்கமாகிவிடும் என்றாள். நானும் சரி என்றேன். ஒரே நாளில் நிறுத்தினோம். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தலை சுற்றியது. மாத்திரையை விட்டதற்கு நல்ல அடையாளம், விஷம் வெளியேறுகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஐந்தாவது மாதம் மறுபடி வார்டு.

இரண்டாவது தடவை வகுப்புக்குப் போனேன். அங்கேதான் தெரிந்தது. இந்த மாத்திரைகள் வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், வயிற்றுப் புரட்டல் மாதிரி தொந்தரவுகள்தான் முதலில் வரும், குணம் பின்னால்தான் வரும். முழுசாகச் சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும், திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். டக்கென்று நிறுத்தினால் தலை சுற்றும், அது விஷம் போவது இல்லை. இதை முதல் தடவையே யாராவது என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவர் இரண்டாவது தடவை அந்தக் கட்டிலில் படுத்திருக்க மாட்டாரோ என்னவோ. அந்த நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது மூன்றாவது வார வகுப்பு. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, “நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை அவரிடம் நீங்கள் பேசியதை, ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்கள்” என்றார்கள். நான் அவருக்குப் பைஸ்டாண்டராக, கூடத் தங்கும் துணையாக, வார்டிலேயே இருந்தேன். பதினொரு வரி எழுதினேன். எழுந்திருங்க. பல்லு தேய்ச்சாச்சா? மாத்திரை போட்டீங்களா? ஏன் இட்லியை வச்சிட்டீங்க? இப்படியே படுத்திருந்தா எப்படி? கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? இப்படியே போனது. பதினொன்றில் பத்து, கேள்வி அல்லது ஏவல். எல்லாமே பாசத்தில் சொன்னதுதான். ஆனால் தாளில் பார்த்தபோது, ஒரு நாள் முழுக்க ஒரு மனுஷனை நான் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பேசிப் பழகச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த புனலூர் அம்மா என் வீட்டுக்காரராக இருந்தார், நான் அவரைக் குளிக்கக் கூப்பிட வேண்டும். “குளிக்கலையா?” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வகுப்பு எடுத்த பெண், “அக்கா, கேள்வி கேட்காமல் சொல்லிப் பாருங்கள்” என்றார். யோசித்து, “வெந்நீர் வச்சிருக்கேன், துண்டு கொடியில கிடக்கு, நான் வெளிய இருக்கேன்” என்றேன். அந்த அம்மா எழுந்து நின்றார். சும்மா பழக்கத்துக்குச் செய்ததுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் வார்டில் இதையே சொன்னேன். அன்றைக்கு அவர் குளிக்கவில்லை. அதற்கு மறுநாள் குளித்தார்.

பாஷைக்குப் பயப்படாதீர்கள். எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், பேசினால் திக்கும். அந்தப் பெண் முதல் நாளே, “தமிழில் பறஞ்ஞால் மதி, மனசிலாகும்”, தமிழில் சொன்னால் போதும், புரியும் என்று சொல்லிவிட்டார். கடைவீதிப் பேச்சுக்கு எந்தப் பாஷை என்றாலும் சரி. இதை மட்டும் நீங்கள் அழுத பாஷையில் சொல்லுங்கள்.

குற்றம் சொல்வார்களா என்று கேட்டீர்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தர்கூட யாரையும் அப்படிச் சொல்லவில்லை. வந்திருந்த ஒவ்வொருத்தரும் அதே பயத்தோடுதான் வந்திருந்தார்கள், அது மட்டும் தெரிந்தது.


கம்பமெட்டுப் பாதை எழுதியது:

அண்ணே, அக்கா சொன்னது அவருக்கு நடந்தது. எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பார்த்துப் போங்கள்.

என் தம்பி வார்டில் இருந்து வந்த பிறகு எங்கள் பக்கம் ஒரு ஊரில் நடந்த கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். நடத்தினவருக்கு நல்ல மனசு, ஆனால் படிப்பு இல்லை, பயிற்சி இல்லை. வந்தவர்களில் ஒருத்தர் பாதி நேரம் பேசினார். யோகா செய்யுங்கள், காப்பியை விடுங்கள், பையனுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை. கடைசியில் அவர் என் அம்மாவைப் பார்த்து, “நீங்க செல்லம் குடுத்து வளர்த்துட்டீங்க” என்றார். நடத்தினவர் தடுக்கவில்லை. அம்மா திரும்பி வருகிற ஜீப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பிலெல்லாம் எங்கள் வீட்டுக் கதை. தம்பி காதுக்கும் போய்விட்டது. அவன் அதற்கப்புறம் மூன்று மாதம் டாக்டரிடம் வரவே மறுத்துவிட்டான்.

அதனால், அங்கே பேசுவது அங்கேயே இருக்கும் என்று முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி வாக்கு வாங்குகிறார்களா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். யார் நடத்துகிறார், அவர் வார்டில் வேலை பார்ப்பவரா என்றும் கேளுங்கள். முதல் வாரம் நீங்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள். முடியாது, பேசியே ஆக வேண்டும் என்றால் எனக்கு அது பிடிக்காது. ஆஸ்பத்திரிக்குள்ளே நடப்பது என்பதால் உங்களுடையது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.


குடியாத்தம் பழைய சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் மனநல வார்டில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கம் ஆந்திர எல்லை. சித்தூர், பலமனேர் குடும்பங்கள் வரும். ஒரே வகுப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி எடுத்திருக்கிறோம். அதனால் பாஷைக் கவலையை விடுங்கள், அது வகுப்பு எடுப்பவரின் பாடு.

வீட்டாரை உள்ளே சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தார். 1957இல் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கியபோது அங்கேயும் சொந்தக்காரர் கூடவே தங்குவது வழக்கமானது. சமைத்துக்கொண்டு, துவைத்துக்கொண்டு, நோயை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு போவார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒரு நோயாளியோடு அதைத் தெரிந்த ஒரு ஆளும் போகிறார். அதுதான் இதன் மூலக்கரு.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். லண்டனில் ஆராய்ச்சிக்காரர்கள் நோயாளியின் வீட்டாரைத் தனியாகப் பேட்டி எடுத்து, அவர்கள் பேச்சில் எத்தனை இடத்தில் குறை சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 1976இல் வந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நோய் திரும்பி வர மிகக் கொஞ்சமான குறைச்சொல்லே போதும் என்று தெரிந்தது. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தாங்குகிற அளவுகூட இவர்கள் தாங்கவில்லை. இதை வைத்து ‘குடும்பம்தான் காரணம்’ என்று சிலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை. நோய் வருவதற்குப் பல காரணம் உண்டு. வந்த நோயோடு வாழும்போது வீட்டுப் பேச்சு எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். அதைத்தான் மாற்ற முடியும், அதற்குத்தான் வகுப்பு.

அது பலிக்குமா என்றால், ஜப்பானில் கொச்சி என்றே ஒரு ஊர் இருக்கிறது, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் செய்து பார்த்தார்கள். 2011இல் வெளிவந்தது. மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருந்த 57 பேர், அவர்கள் வீட்டார். ஒரு பகுதிக் குடும்பத்துக்கு நான்கே நான்கு வகுப்பு. நோயாளி வரவில்லை, வீட்டார் மட்டும்தான். கொஞ்சம் பாடம், மீதி நேரம் வீட்டுச் சிக்கலை எல்லாரும் சேர்ந்து யோசித்துத் தீர்ப்பது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், வகுப்புக்கு வந்த குடும்பங்களில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. வராத குடும்பங்களில் 50. சின்ன ஆய்வுதான், அதை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் உங்கள் சிஸ்டர் சொன்னதும் நான்கு வாரம்தான், கவனித்தீர்களா?

இன்னொன்று. உங்கள் மனைவி டாக்டரிடம் சொன்னதையெல்லாம் டாக்டர் உங்களிடம் சொல்லமாட்டார். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. அதைப் பார்த்துப் பலர், “நான் புருஷன், என்கிட்டயே மறைக்கிறாங்க” என்று கோபப்பட்டு வகுப்பையும் விட்டுவிடுவார்கள். வகுப்பில் உங்கள் மனைவியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். நோயைப் பற்றிப் பேசுவார்கள், நீங்கள் உங்கள் வீட்டைப் பொருத்திப் பார்த்துக்கொள்வீர்கள். அதே சட்டத்தில், உங்கள் மனைவி தன் சார்பில் பேச நியமனப் பிரதிநிதி என்று ஒருவரை எழுதித் தரலாம். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிரதிநிதியோடும், உங்கள் மனைவி யாருடன் போய் இருக்கப்போகிறாரோ அந்த வீட்டாரோடும் டாக்டர் கலந்து பேச வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள்.

கடைசியாக, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வார்டை விட்டு வந்த முதல் சில வாரம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். உடம்பில் தெம்பு முதலில் திரும்பும், மனசு பின்னால்தான் வரும். “பாரமா இருக்கேன்” என்ற பேச்சு, சாமான்களைப் பிறருக்குக் கொடுப்பது, காரணம் தெரியாமல் திடீரென்று அமைதியாகிவிடுவது, இதெல்லாம் கண்டால் மறு தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராகவே, “சாகணும்னு தோணுதா?” என்று கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வார்டுக்கு உடனே போன் போடுங்கள், தனியாக விடாதீர்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416. காசு இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.


பெரியாற்றுக்காரன் எழுதியது (ஒரு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. போனேன். எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

கம்பமெட்டு அண்ணன் சொன்னபடி சிஸ்டரிடம் முதலில் கேட்டேன். வார்டில் உள்ள சோஷியல் வொர்க்கர் சேச்சிதான் நடத்துகிறார், பேசாமலும் இருக்கலாம் என்றார். நம்பிக்கை வந்தது.

ஓ.பி.க்குப் பின்னால் ஒரு சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. ஏழு பேர். முண்டக்கயத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் ஒரு சேட்டன், மகன் வார்டில். வயசான ஒரு அம்மச்சி, தங்கைக்காக வந்திருந்தார். புருஷனும் மனைவியுமாக ஒரு ஜோடி. முதலில் அந்தச் சேச்சி, இங்கே பேசியது இந்தக் கதவைத் தாண்டாது என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். ஒவ்வொருத்தரும் வாய்விட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். நானும் சொன்னேன்.

பேசாமல் இருக்க வேண்டும் என்றுதான் போனேன். அவர், “நோய் எப்போதிலிருந்து என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்று பொதுவாகக் கேட்டார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மொத்தச் சீட்டையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் மேசைமேல் அவற்றைத் தேதி வாரியாகப் பரப்பினார். 46 முதல் 9 வரை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் பலகையில் அந்த எண்களையே ஒரு கோடாக வரைந்து, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி இது இருந்திருக்கிறது என்றார். உடம்பும் யோசனையும் மெதுவாகிப்போவது இந்த நோயின் ஒரு குணம், அவர் கை ஓடாததற்கு அது காரணமாக இருக்கலாம் என்றார். பால் வெட்டும் சேட்டன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துக்குப் பட்டமரப்பு வந்தால் பால் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும், வெட்டுவதை நிறுத்தி மரத்தை விட்டுவிடுவோம், என் பையன் பரீட்சையில் மார்க் குறைந்தபோது நான் இரண்டு டியூஷன் சேர்த்தேன் என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். “நான் திட்டினதாலதான் அவளுக்கு இப்படி ஆச்சா?” அந்தச் சேச்சி உடனே பதில் சொல்லவில்லை. திட்டியதால் இந்த நோய் வந்தது என்று சொல்ல முடியாது, அவருக்கு அம்மா போன துக்கம் இருந்தது, உடம்பில் மாற்றம் இருந்தது, இன்னும் எத்தனையோ இருக்கலாம் என்றார். ஆனால் திட்டு வலித்திருக்கும், அதை அவரிடம் நீங்கள் சொல்லலாம், இப்போது வேண்டாம், அவர் கொஞ்சம் தேறட்டும் என்றார். மன்னிப்பு ஒன்றும் வழங்கவில்லை, குற்றமும் சாட்டவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வகுப்பு முடிந்து வார்டுக்குப் போனேன். அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது. “தலை வாரலையா?” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. செங்கோட்டை அக்கா எழுதியது ஞாபகம் வந்தது. “எண்ணெயும் சீப்பும் கொண்டு வந்திருக்கேன். இங்க உட்கார்ந்துக்கிறேன்” என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் நான் அவள் தலையைத் தொட்டு வாரியது இல்லை. நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டில் பைஸ்டாண்டர் அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பின்னி முடிக்கும்போது, “சின்னவனுக்கு இருமல் விட்டுச்சா?” என்று கேட்டாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அம்மாவிடம் போய் வந்ததைச் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, வருகிற வியாழக்கிழமை சாப்பாடு கட்டித் தரவா என்று மட்டும் கேட்டார்.

திங்கள்கிழமை அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மீதி மூன்று வகுப்புக்கும் நான் இங்கிருந்து போய்வருவேன். கேள்விகளை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒன்றை உங்களிடமே கேட்கிறேன். எங்கள் லயத்து வீடு ஒரே அறை, பின்னால் அடுப்படி. மாத்திரையை எங்கே வைப்பது? பூட்டி வைத்தால், தன்னை நம்பவில்லை என்று அவள் நினைக்க மாட்டாளா? அக்கா நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?


செங்கோட்டை அக்கா எழுதியது:

தம்பி, சிக்கெடுத்த இடத்தை மூன்று தடவை படித்தேன்.

எனக்கும் அதே சங்கடம்தான் இருந்தது. மறைத்துச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவரிடம், “ஆஸ்பத்திரியில சிஸ்டர் வச்சுக் கொடுத்த மாதிரி கொஞ்ச நாள் நான் வச்சுக் கொடுக்கிறேன், நீங்க நல்லா ஆனதும் நீங்களே எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டேன். தையல் மெஷின் டிராயரில் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். வேளைக்கு உள்ளதை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் வைப்பேன். போட்டீர்களா என்று கேட்கமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து என் டீயைக் குடிப்பேன். அவர் போட்டதும் எழுந்துபோவேன். ஒரே தடவையில் மொத்தமாக மாதக்கணக்கு மாத்திரை வாங்காமல், வாரக்கணக்கில் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் டிராயர் இல்லையென்றால் பூட்டுள்ள டிரங்குப் பெட்டி போதும்.

அப்புறம், தோட்டத்து வீடு என்பதால் சொல்கிறேன். களைக்கொல்லி, பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் வீட்டிலோ அடுப்படிப் பரணிலோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே அப்புறப்படுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களை முதல் வாரம் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் அம்மாவிடம் அந்த வேலையைக் கொடுங்கள், அவர் நன்றாகச் செய்வார்.

திங்கள்கிழமை ராத்திரி எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை. உங்களுக்கும் வராது. நான் முழித்திருப்பேன், எத்தனை மணியானாலும் இங்கே எழுதுங்கள்.